மூணு குரல், ஒரு தோடி, ஒரு பழைய கம்ப்யூட்டர்!

உங்க போன்ல ரேம் எவ்வளவு பாஸ்? 8 ஜி.பி.ன்னு வெச்சுக்குவோம். 4 ஜி.பி.யா இருந்தாலும் வருத்தப்படாதீங்க, கதை ஒண்ணுதான்.

1986 தீபாவளிக்கு கே.பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' வந்தது. அந்தப் படத்தின் இசைக்கு இளையராஜா பயன்படுத்திய கம்ப்யூட்டரின் பெயர் யமஹா சி.எக்ஸ்.5 எம். அதோட ரேம் 32 கே.பி. ஜி.பி. இல்லை, எம்.பி.கூட இல்லை... கே.பி! கணக்கு போட்டுப் பார்த்தா, உங்க 8 ஜி.பி. போன் அதைவிட 2,62,144 மடங்கு பெருசு. அந்தப் பொட்டியிலேர்ந்து ஒரு தீம் மியூசிக் வந்து, 40 வருஷம் கழிச்சும் கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவுல ஓடிக்கிட்டு இருக்கு. உங்க போன்லேர்ந்து இந்த வாரம் என்ன வந்துச்சு? (முறைக்காதீங்க. என் போன்லேர்ந்தும் ஒண்ணும் வரலை.)

அதே 1986ல் கொஞ்சம் முன்னாடி வந்த 'விக்ரம்' படமும் கம்ப்யூட்டர் இசைன்னு பேசப்பட்ட படம்தான். ரெண்டுல எது முதல்னு ராஜா ரசிகர்கள் டீக்கடையில சண்டை போட்டுக்கட்டும், நாம குறுக்கே போக வேண்டாம். நமக்கு முக்கியமான விஷயம் வேற. 'புன்னகை மன்னன்' வேலையில கீபோர்டு, சீக்குவென்சர்னு கைகொடுத்தவர் திலீப்னு ஒரு பையன். 1967 ஜனவரியில் பிறந்தவர். அப்போ வயசு 19. செகண்ட் இயர், தேர்ட் இயர் படிக்கிற வயசு! அவருக்குப் பின்னாடி வந்த பேர் ஏ.ஆர்.ரஹ்மான்.

சி.எக்ஸ்.5 எம் ஒண்ணும் ஸ்டுடியோவுக்குன்னே பிறந்த ராட்சச மெஷின் கிடையாது. 'எம்.எஸ்.எக்ஸ்'னு ஒரு குடும்பம். 1983ல் ஜப்பானில் ஆரம்பிச்ச வீட்டுக் கம்ப்யூட்டர் வகை. சோனி, யமஹா, பிலிப்ஸ்னு பல கம்பெனிகள் செஞ்சாலும் ஒண்ணுல ஓடற புரோகிராம் இன்னொண்ணுல ஓடணும்கிறதுதான் ஐடியா. டி.வி.யில சொருகி, கேம் ஆடி, பேசிக் மொழி கத்துக்கற பொட்டி. யமஹா அதுகூட ஒரு இசை சில்லைச் சேர்த்து வித்தது, அவ்வளவுதான். அதாவது, அதுக்கு அண்ணன் தம்பிகள் நிறைய. அதுல ஒரு தம்பியை இந்த வாரம் உங்க கையில கொடுக்கப் போறேன். காசு செலவு: பூஜ்யம்.

காரைக்கால்ல உட்கார்ந்துக்கிட்டு இதை எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. நிரவியில, கோட்டுச்சேரியில, டி.ஆர்.பட்டினத்துலன்னு எங்கே போனாலும் ஹம் பண்ற பசங்க, மேசையில தாளம் போடற பொண்ணுங்க கிடைப்பாங்க. "டியூன் போடலாமே"ன்னு கேட்டா ரெண்டே பதில். ஒண்ணு, "சென்னை போகணும்ணே". சென்னை இங்கேர்ந்து சுமார் 300 கிலோமீட்டர். ரெண்டாவது, "நல்ல லேப்டாப், மிடி கீபோர்டு, ஆடியோ கார்டு எல்லாம் வாங்கணும்ணே". அந்த 'எல்லாம்' வாங்கறதுக்குள்ள டிகிரி முடிஞ்சு, வேலை, ஈ.எம்.ஐ.ன்னு போயிடும். இன்னும் சிலர் போன்ல லூப் ஆப் வெச்சிருக்காங்க. நாலு கட்டத்தை இழுத்துப் போட்டா பாட்டு ரெடி. கேட்க ஜோராத்தான் இருக்கும். ஆனா அந்த டிரம்மை அடிச்சது எவரோ, பேஸ் வாசிச்சது எவரோ. நீங்க செஞ்சது இழுத்ததும் விட்டதும்தான்.

பழைய கம்ப்யூட்டர்ல அந்த சொகுசு கிடையாது. நீங்க எழுதாத ஒரு சுரம்கூட அதுல வராது. அதனாலதான் டியூன் போடக் கத்துக்கறதுக்கு அது நல்ல வாத்தியார்னு நான் நினைக்கிறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். பழைய மெஷினுக்கு இப்போ அலைய வேண்டாம். அந்த மெஷின் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர்கள் இலவசமா கிடைக்குது. 'வெப் எம்.எஸ்.எக்ஸ்'னு ஒண்ணு, பிரவுசர்லயே ஓடும், இன்ஸ்டால்கூட பண்ண வேண்டாம். போன்லயும் ஓடும், ஆனா டைப் அடிக்க லேப்டாப்தான் வசதி. காலேஜ் லேப் கம்ப்யூட்டர் போதும், ஹெட்போன் மட்டும் மறக்காதீங்க. 'ஓப்பன் எம்.எஸ்.எக்ஸ்'னு இன்னொண்ணும் இருக்கு, அது டவுன்லோடு பண்ற ரகம். அதோட இலவசமா வர்ற ராம் மென்பொருள்ல பேசிக் மொழி கிடையாதுங்கறதால, முதல் தடவை பண்றவங்களுக்கு பிரவுசர் ரகமே பெஸ்ட்.

திறந்ததும் நீல ஸ்க்ரீன், 'ஓகே'ன்னு ஒரு வார்த்தை, கீழே ஒரு சதுர கர்சர். விண்டோஸ் நீல ஸ்க்ரீன் மாதிரி பயந்துடாதீங்க. இது நல்ல நீலம். உங்களைத்தான் கேட்குது, "என்ன பண்ணணும், சொல்லு?"ன்னு.

இங்கே ஒரு குறிப்பு. நான் கட்டளைகளைத் தமிழ் எழுத்துல எழுதறேன், நீங்க ஆங்கில எழுத்துல அடிக்கணும். மெஷினுக்குத் தமிழ் தெரியாது பாவம்.

முதல் கட்டளை:

ப்ளே "சி டி இ எஃப் ஜி ஏ பி ஓ5 சி"

எண்டர் தட்டுங்க. ஸ, ரி, க, ம... மேல் ஸட்ஜம் வரைக்கும் ஏறும். நம்ம கணக்குல சங்கராபரணம். 'ஓ5' என்பது அஞ்சாவது ஸ்தாயிக்குப் போ என்பதற்கான குறி. ஆரம்பத்துல மெஷின் நாலாவது ஸ்தாயியிலதான் நிக்கும், ஆனா ஒருமுறை மாத்திட்டா அங்கேயே நின்னுடும், அதனால அடுத்தடுத்த ப்ளேவுல முதல் சுரத்துக்கு முன்னாடி 'ஓ4' சேர்த்துக்கோங்க. 'எல்' என்பது சுரத்தோட நீளம். எல்4 போட்டா கால் நோட்டு, எல்8 போட்டா அதில் பாதி. 'ஆர்' போட்டா மௌனம். 'வி' போட்டு 0லேர்ந்து 15 வரைக்கும் நம்பர் கொடுத்தா சத்தத்தின் அளவு. வேகத்துக்கு, அதான் டெம்போவுக்கு, அந்த வார்த்தையோட முதல் எழுத்துதான் குறி. ஆனா தமிழ்ல எழுதினா அந்த டியும் சுரத்தோட டியும் கட்டிப் புரண்டு குழப்பிடும். அதனால வேகத்தை இன்னிக்குத் தொட வேண்டாம், மெஷின் தானா 120ல ஓடட்டும்.

அடுத்து, பாட்டு கிளாஸ்ல முதல் நாள் சரளி வரிசைக்கு உட்கார்த்தி வெச்ச ராகம். மாயாமாளவகௌளை.

ப்ளே "சி டி- இ எஃப் ஜி ஏ- பி ஓ5 சி"

அந்த மைனஸ் குறி போட்ட சுரம் அரைப்படி இறங்கும். ரிஷபமும் தைவதமும் கொஞ்சம் கீழே வந்தாச்சு. ரெண்டே ரெண்டு கோடு, உலகமே மாறிப்போச்சு இல்ல?

இந்த ராகத்துக்கும் நம்ம ஊருக்கும் ஒரு பந்தம் உண்டு. காரைக்கால் அம்மையார், அதாவது ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல நாம மாம்பழம் இறைக்கிறோமே அந்த அம்மா, சம்பந்தருக்கும் முன்னாடி வாழ்ந்தவர். திருவாலங்காட்டைப் பற்றி அவர் பாடிய ரெண்டு மூத்த திருப்பதிகங்களில் ஒண்ணு நட்டபாடைப் பண், இன்னொண்ணு இந்தளம். ஓதுவார்கள் இன்னிக்கு இந்தளத்தைப் பாடறது மாயாமாளவகௌளையில்தான். ஆக, இப்ப நீங்க ஜப்பான் பொட்டியில அடிச்சது பாரதியார் சாலைக்காரங்களுக்குச் சொந்தமான ஸ்கேல்!

அந்தப் பொட்டிக்குள்ள இருக்கிற இசைச் சில்லு ஏ.ஒய்.3-8910. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட்னு ஒரு அமெரிக்க கம்பெனி டிசைன் பண்ணினது. அதுக்கு மூணே மூணு குரல். ஒரே நேரத்துல மூணு சுரத்துக்கு மேல வராது. கூட ஒரு இரைச்சல் மெஷின். அவ்வளவுதான் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும். மூணு குரலையும் ஒண்ணாப் பாட வைக்க, மூணு மேற்கோளை கமா போட்டுக் கொடுக்கணும்:

ப்ளே "சி டி- இ எஃப் ஜி ஏ- பி ஓ5 சி", "ஓ3 எல்1 சி சி", "ஓ3 எல்1 ஜி ஜி"

முதல் குரல் ராகம். ரெண்டாவது ஸ, மூணாவது ப, ரெண்டும் சேர்ந்து சுருதிப்பெட்டி. மேலே எட்டு கால் நோட்டு, கீழே ரெண்டு முழு நோட்டு, சரியா ஒரே நேரத்துல முடியும். முடியலைன்னா எங்கேயோ ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு அர்த்தம், எண்ணிப் பாருங்க. 'இல்லீகல் ஃபங்ஷன் கால்'னு மெஷின் திட்டினா, மேற்கோளுக்குள்ள அதுக்குப் புரியாத ஏதோ ஒண்ணு நுழைஞ்சிருக்கு. 'சின்டாக்ஸ் எரர்'னு திட்டினா கமாவோ மேற்கோளோ காணோம்.

இங்கேதான் உங்களுக்கு முதல் தலைவலி ஆரம்பிக்கும். சுருதிக்கே ரெண்டு குரல் போச்சு. மிச்சம் ஒண்ணு. பேஸ் வேணுமா? அப்போ சுருதியில ஒண்ணைத் தியாகம் பண்ணணும். ஹார்மனி வேணுமா? அப்போ ரெண்டையும் தியாகம் பண்ணணும். 80கள்ல வீடியோ கேமுக்கு மியூசிக் போட்டவங்க எல்லாரும் இந்தத் தலைவலியோடதான் குடும்பம் நடத்தினாங்க. அவங்க கண்டுபிடிச்ச திருட்டு வேலை ஒண்ணு உண்டு: ஸ, க, ப மூணையும் ஒண்ணா வாசிக்கறதுக்குப் பதிலா, ஒரே குரல்ல கண்ணிமைக்கிற நேரத்துல மாத்தி மாத்தி ஓட விடறது. காது ஏமாந்துபோய் அதை ஒரே கார்டுன்னு நம்பிடும். பழைய கேம்ல 'டிரில்ல்ல்'னு ஒரு நடுங்கற சத்தம் வருமே, அது இதுதான். எல்64 போட்டு சி, இ, ஜி மூணையும் பத்து தடவை எழுதிப் பாருங்க. ரூம்மேட் தூங்கற நேரமா இல்லாம பார்த்துக்கோங்க.

இதுவரைக்கும் சுலபம். இப்பதான் விவகாரமான இடம்.

ப்ளே கட்டளைக்குத் தெரிஞ்சது 12 சுரம். பியானோ கட்டை மாதிரி, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. நம்ம சங்கீதமோ அந்த நடுவுலதான் குடியிருக்கு! மாயாமாளவகௌளையை மெஷின் பாடறதைக் கேட்டா உங்களுக்கே தெரியும். சுரம் சரி, ராகம் இல்லை. பாட்டு டீச்சர் கேட்டா, "என்னடா இது, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு?"ன்னுதான் சொல்வாங்க. தோடியை எடுத்துக்கோங்க. நம்ம டெல்டாவுல தோடின்னா நாதஸ்வர சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. மயிலாடுதுறையைத் தாண்டினா திருவாவடுதுறை, அவர் ஊர். அந்தத் தோடியோட காந்தாரம் ஒரு இடத்துல நிக்கவே நிக்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தை எடுத்துட்டா அது தோடியே இல்லை. 12 கட்டை வெச்சிருக்கிற மெஷின் இதை எப்படிப் பாடும்?

பாடும். ஆனா ப்ளே கட்டளையை ஓரமா வெச்சுட்டு, சில்லுகிட்ட நேராப் பேசணும். அதுக்குத்தான் 'சவுண்ட்'னு இன்னொரு கட்டளை. சில்லுக்குச் சுரத்தோட பேரெல்லாம் தெரியாது, எண்தான் தெரியும். எண் பெருசானா சுரம் கீழே, எண் சிறுசானா சுரம் மேலே. மத்திய ஸ்தாயி ஸட்ஜமா 'சி'யை வெச்சா அதுக்கு 428. சதுஸ்ருதி ரிஷபத்துக்கு 381. தோடி காந்தாரம் 360. மத்தியமம் 320. 381க்கும் 360க்கும் நடுவுல 20 எண் சும்மா கிடக்கு பாருங்க... அந்த 20ம் பியானோவுல இல்லாத சுரங்கள்!

சில்லு எட்டு பிட் ஆசாமி. 255க்கு மேல ஒரே மூச்சுல எண்ண வராது. அதனால 381ஐ ஒரு 256 + 125ன்னு பிரிச்சுக் கொடுக்கணும். 320 என்பது 256 + 64. ரெண்டுலயும் 256 ஒண்ணே ஒண்ணுதான், அதை ஒருமுறை சொல்லிட்டா போதும். மீதியை மட்டும் ஆட்டினா போதும். இதோ புரோகிராம்:

10 சவுண்ட் 7,56
20 சவுண்ட் 8,12
30 சவுண்ட் 1,1
40 ஃபார் ஐ=1 டு 4
50 ஃபார் என்=125 டு 64 ஸ்டெப் -2: சவுண்ட் 0,என்: நெக்ஸ்ட்
60 ஃபார் என்=64 டு 125 ஸ்டெப் 2: சவுண்ட் 0,என்: நெக்ஸ்ட்
70 நெக்ஸ்ட்
80 சவுண்ட் 8,0

10ஆம் வரி, மூணு குரலையும் திற, இரைச்சலை மூடுங்கறது. 20ஆம் வரி, முதல் குரலோட வால்யூம் 12. 30ஆம் வரிதான் அந்த ஒரு 256. அடுத்து வர்ற ரெண்டு வரிதான் ஊஞ்சல்: மேலே போ, கீழே வா, நாலு தடவை. கடைசி வரியை விட்டுடாதீங்க. அது இல்லைன்னா சத்தம் நிக்காம கத்திக்கிட்டே இருக்கும், ஹாஸ்டல் வார்டன் வரைக்கும் போகும். அடிச்சு முடிச்சு 'ரன்' கொடுங்க.

என்ன கேட்டுச்சு? ஆம்புலன்ஸா? அதேதான்! முதல் தடவை எல்லாருக்கும் ஆம்புலன்ஸ்தான் வரும். இப்போ கொஞ்சம் யோசிங்க. ஒரு வித்வான் காந்தாரத்தை ஆட்டும்போது இப்படியா மேலேயும் கீழேயும் ஒரே வேகத்துல போறார்? இல்லை. ஒரு முனையில கொஞ்சம் தங்குவார், இன்னொரு முனையைத் தொட்டதும் ஓடி வந்துடுவார். முதல் ஆட்டம் நிதானம், அடுத்தது இறுக்கம். சில சமயம் மத்தியமத்தை முழுசாத் தொடவே மாட்டார், தொடற மாதிரி போய்த் திரும்பிடுவார். யூட்யூப்ல ராஜரத்தினம் பிள்ளை தோடியைப் போட்டு, அந்த ஒரே ஒரு காந்தாரத்தை மட்டும் பத்து தடவை ஓட்டிக் கேளுங்க. அப்புறம் 50ஆம் வரிக்கும் 60ஆம் வரிக்கும் நடுவுல 55னு ஒரு வரி நுழையுங்க:

55 ஃபார் டபிள்யூ=1 டு 80: நெக்ஸ்ட்

ஒண்ணுமே செய்யாம 80 வரைக்கும் எண்ணு. அவ்வளவுதான் இதுக்கு வேலை. ஆனா அந்த நேரம் சுரம் மேலே தங்கி நிக்கும். 80ஐ 30 ஆக்குங்க, 150 ஆக்குங்க. 64ஐ 70 ஆக்கிப் பாருங்க, மத்தியமத்தைத் தொடாமத் திரும்பும். ஸ்டெப் 2ஐ 4 ஆக்கினா ஆட்டம் வேகமாகும். ஒரு சாயங்காலம் முழுக்க இந்த ஒரு சுரத்தோட போகும். போகட்டும்! ஆம்புலன்ஸ் கொஞ்சம் கொஞ்சமா தோடி ஆகற நேரம் அது. பத்து வருஷம் பாட்டு கத்துக்கிட்டவங்களுக்குக்கூட, "நான் காந்தாரத்துல எவ்வளவு நேரம் நிக்கறேன்?"னு கேட்டா பதில் தெரியாது, தொண்டை தானா செஞ்சுடும். மெஷின்கிட்ட எண்ணாச் சொல்லித்தான் ஆகணும். சொல்லணும்னா கேட்டாகணும்.

இது எம்.எஸ்.எக்ஸ்.க்கு மட்டும் சொந்தமான வித்தை இல்லை. 1982ல் பிரிட்டனில் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், அதாவது 80களின் பிற்பகுதியில் புனேயின் டெசிபெல்ஸ் கம்பெனி இந்தியாவுல வித்த அதே பொட்டி, ஒரே ஒரு குரல்காரன். அதோட 'பீப்' கட்டளைக்கு ரெண்டு எண் போதும்: எத்தனை செகண்ட், எந்தச் சுரம். 0ன்னா நடு ஸ்தாயி சி. 1ன்னா அரைப்படி மேலே. 0.5 கொடுத்தா? ரெண்டுக்கும் நடுவுல! ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதின அதோட கையேட்டிலேயே, இந்திய சங்கீதம் மாதிரி அரைப்படிக்கும் குறைவான இடைவெளி உள்ள இசையையும் இதில் வாசிக்கலாம்னு போட்டிருக்கு. கேம்பிரிட்ஜ்ல உட்கார்ந்து மெஷின் செஞ்சவங்களுக்கு அப்பவே நம்ம ஞாபகம் வந்திருக்கு பாருங்க. என்ன, 'பீப்' பாடி முடிக்கிற வரைக்கும் மெஷின் வேற எந்த வேலையும் செய்யாது. பாட்டுன்னா பாட்டு மட்டும்தான்.

பி.பி.சி. மைக்ரோன்னு இன்னொண்ணு. 1984ல் நம்ம நாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்துல வந்தது இதுதான். உங்க சித்தப்பாவோ மாமாவோ அந்தக் காலத்துல கிருஷ்டி கழிச்சிருக்கலாம், கேட்டுப் பாருங்க. அதுல ஒரு அரைப்படிக்கு நாலு எண். 53 ஸட்ஜம்னா, மாயாமாளவகௌளை இப்படி: 53, 57, 69, 73, 81, 85, 97, 101. 'என்வலப்'னு அதுல ஒரு கட்டளை இருக்கு, 14 எண் கொடுக்கணும். பாதிப் பேர் அதைப் பார்த்ததும் ஓடிடுவாங்க. ஆனா அந்த 14ல ஆறு எண், சுரம் எப்படி ஏறி இறங்கணும்கிறதுக்கு மட்டுமே. கமகத்துக்குன்னே ஆர்டர் பண்ணின மாதிரி! 'ஜே.எஸ்.பீப்' என்கிற எமுலேட்டர்ல இதையும் பிரவுசர்லயே ஆடிப் பார்க்கலாம்.

ராஜா வெச்சிருந்த சி.எக்ஸ்.5 எம்.ல இருந்த கூடுதல் சில்லைப் பத்திச் சொல்லாம விட்டா பாவம். அது எட்டுக் குரல் எஃப்.எம். சில்லு, ஒய்.எம்.2151. பின்னாடி 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆர்கேட் மெஷின்ல சண்டைக்கு மியூசிக் போட்டதும் இதே சில்லுதான். எஃப்.எம். எப்படிப் பிறந்ததுன்னு கேட்டா அசந்துடுவீங்க. 1967ல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங்னு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஒரு சுரத்தை ஆட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தார். நாம இப்ப செஞ்சோமே அதே ஊஞ்சல்! ஆட்டற வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல, ஆட்டம் ஆட்டமாவே கேட்கலை. சுரத்தோட குரலே மாறிப்போச்சு. மணி மாதிரி, பித்தளை வாத்தியம் மாதிரி. அதைத்தான் யமஹா லைசென்ஸ் வாங்கி, 1983ல் டி.எக்ஸ்.7 கீபோர்டுல போட்டு உலகம் பூரா வித்தது. மெதுவா ஆட்டினா கமகம், வெறித்தனமா ஆட்டினா புது வாத்தியம்.

"நிஜ மெஷின் வாங்கலாமா?"ன்னு ஒரு சிலருக்குக் கை அரிக்கும். எமுலேட்டர்ல ரெண்டு மாசம் ஓட்டிட்டு, அப்பவும் அரிச்சா யோசிங்க. ஜப்பான்லேர்ந்து வர்ற எம்.எஸ்.எக்ஸ். 100 வோல்ட் கரன்ட்டுக்குச் செஞ்சது. நம்ம வீட்டு 230ல நேரா சொருகினா அன்னிக்கே புகைதான், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பழைய பவர் சப்ளையில கெபாசிட்டர் காய்ஞ்சிருக்கும், தெரிஞ்ச எலெக்ட்ரானிக்ஸ் ஆளைக் காட்டாம ஆன் பண்ணாதீங்க. ஜப்பான் மெஷின் என்.டி.எஸ்.சி. படம் அனுப்பும், உங்க டி.வி. அதை ஏத்துக்குமான்னும் பார்க்கணும். அப்புறம் நம்ம ஊர் உப்புக்காத்து! கேட்ரிட்ஜ் சொருகற தகடெல்லாம் சீக்கிரமே பச்சை பூத்துடும். ஐசோபுரோபில் ஆல்கஹால், கொஞ்சம் பஞ்சு, மூடி வெச்ச டப்பா, அரிசி மூட்டைக்குள்ள வர்ற மாதிரி ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்... இது இல்லாம கடலோரத்துல பழைய எலெக்ட்ரானிக்ஸ் வளர்க்க முடியாது.

உப்புக்காத்துன்னதும் ஞாபகம் வருது. அந்த இரைச்சல் மெஷினைச் சும்மா விட்டுட்டோமே! தவில் எதிர்பார்க்காதீங்க, அது வராது. ஆனா அரசலாறு கடல்ல சேர்ற இடத்துல ராத்திரி கேட்குமே ஒரு சத்தம், அது வரும்:

சவுண்ட் 6,31: சவுண்ட் 7,55: சவுண்ட் 8,16: சவுண்ட் 12,80: சவுண்ட் 13,14

அலை மெதுவா ஏறும், மெதுவா வடியும், நிறுத்தற வரைக்கும். 80ஐ மாத்தினா அலையோட நிதானம் மாறும். போதும்னா சவுண்ட் 8,0. திரும்ப சுரம் வாசிக்கணும்னா முதல்ல சவுண்ட் 7,56 கொடுக்கணும், மறந்தா தோடிக்குப் பதிலா புயல் வரும்.

போட்டதை எப்படிக் காப்பாத்தி வைக்கிறது? அந்தக் காலத்துல கேசட்ல ரெக்கார்டு பண்ணுவாங்க, டேப் சிக்கினா பாட்டும் போச்சு. எமுலேட்டர்ல ஒரு டிஸ்க் ஃபைலா சேமிச்சு உங்க கம்ப்யூட்டர்ல இறக்கிக்கலாம். ஆனா நான் சொல்ற வழி, ஒரு லாங் சைஸ் நோட்டு. புரோகிராமைக் கையால எழுதி வைங்க, எந்த எண்ணை ஏன் மாத்தினீங்கன்னு பக்கத்துல ரெண்டு வார்த்தை. சத்தம் வேணும்னா ஹெட்போன் துளையிலேர்ந்து ஒரு ஒயர் போட்டு இன்னொரு மெஷின்ல ரெக்கார்டு பண்ணுங்க. ஃப்ரெண்டோட லேப்டாப்ல உட்கார்ந்து அதுக்கு மேல கீபோர்டு, குரல், எது வேணும்னாலும் சேர்க்கலாம்.

ஹோம்வொர்க் வேணுமா? மாயாமாளவகௌளையோட ரிஷபத்தை ஆட வைக்கணும். அந்த ரிஷபத்தோட எண் 404. 256 போக 148. அதுக்குக் கீழே ஸட்ஜம், 428. 256 போக 172. 50, 60 ரெண்டு வரியிலயும் 125க்குப் பதிலா 172, 64க்குப் பதிலா 148. எவ்வளவு நேரம் எந்த முனையில நிக்கணும்கிறதை நான் சொல்ல மாட்டேன். பக்கத்து கோயில்ல ஓதுவார் பாடினாலோ, யார் வீட்டுக் கல்யாணத்துலயாவது நாதஸ்வரம் வாசிச்சாலோ பக்கத்துல போய் நின்னு கேட்டுட்டு வந்து, 55ஆம் வரியில உங்க எண்ணைப் போடுங்க.